ஆலிவர் மோவட்டைப் படிக்கிறேன்

மார்ச் 3
மோவட் பிறந்தது 1820இல், இன்றைய கனடாவின் கிங்ஸ்டனில். வக்கீல் தொழில் பழகியது ஜான் ஏ. மக்டொனால்டிடம், அதாவது பின்னாளில் கனடாவின் முதல் பிரதமரான அதே ஆளிடம். சீனியருக்கு ஐந்தே வயதுதான் கூட. அப்புறம் ஜூனியர் எதிர்க்கட்சிக்குப் போய், 1872இல் ஒன்டாரியோ மாகாணப் பிரதமராகி, 1896 வரை நாற்காலியை விடவில்லை. இடையில் ஒரு தேர்தலிலும் தோற்கவில்லை.

மார்ச் 5
எனக்குப் பிடித்தது மரக்கட்டை வழக்கு. மக்லாரன் என்ற மர வியாபாரி ஆற்றைச் செலவழித்துச் சீர்படுத்திவிட்டு, இன்னொரு மர வியாபாரி கால்டுவெல்லின் கட்டைகள் அந்த வழியாக மிதந்து போகக் கூடாது என்று மறித்தார். கட்டணம் கொடுத்தால் யாரும் போகலாம் என்று மோவட் 1881இல் சட்டம் போட, மாகாணச் சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருந்ததால் மக்டொனால்டு அரசு அதை ரத்து செய்தது. இவர் மறுபடி போட்டார், அவர்கள் மறுபடி ரத்து செய்தார்கள். இப்படி மூன்று ரத்து! 1884இல் லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது பிரிட்டிஷ் பேரரசின் கடைசி அப்பீல் மன்றம், கால்டுவெல் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகு, நான்காவது முறை போட்ட சட்டம் நிலைத்தது. நம் மெட்ராஸ் ஹைகோர்ட் அப்பீலும் அந்தக் காலத்தில் அங்கேதான் போனது.

மார்ச் 6
டொரோன்டோவில் ஹாட்ஜ் என்ற மதுக்கடைக்காரர், ஒன்டாரியோ மாகாணச் சட்டத்தின் கீழ் தடை செய்த நேரத்தில் பில்லியர்ட்ஸ் ஆட விட்டதற்குத் தண்டனை. அந்தச் சின்ன விஷயம் 1883இல் லண்டன் வரை போய், மாகாணச் சட்டமன்றம் தன் வரம்புக்குள் முழு அதிகாரம் கொண்டது என்ற தீர்ப்பாகத் திரும்பி வந்தது.

மார்ச் 9
இன்று படித்தது கசந்தது. 1888, செயின்ட் கேத்தரின்ஸ் மில் வழக்கு. ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் 1873 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்த நிலத்து மரம் யாருக்கு, ஒட்டாவாவின் மத்திய அரசுக்கா ஒன்டாரியோவுக்கா என்று சண்டை. ஒன்டாரியோ ஜெயித்தது. அந்த மக்களை யாரும் கட்சியாகச் சேர்க்கவே இல்லை, ஆனால் அவர்களுக்கு இருந்தது வெறும் அனுபவ உரிமைதான், அதுவும் மன்னராட்சியின் தயவில் என்று தீர்ப்பில் எழுதி வைத்தார்கள். மாகாண உரிமை என்று மோவட்டைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

மார்ச் 10
1896இல் மோவட் கனடாவின் புதுப் பிரதமர் லோரியேயின் அமைச்சரவையில் சட்ட அமைச்சரானார். மாகாணச் சட்டங்களை ரத்து செய்யலாமா என்று பரிந்துரைக்கிற அதே பதவி! ஒன்றரை வருடம்கூட முழுதாக இருக்கவில்லை, 1897இலேயே லெப்டினன்ட் கவர்னராக, அதாவது மாகாணத்தில் மன்னராட்சியின் பிரதிநிதியாக, ஒன்டாரியோவுக்குத் திரும்பிவிட்டார்.