சம்மனில் முதல் எதிர்மனுதாரர் அப்பா

கடலூர் கோர்ட்டிலிருந்து அப்பா பெயருக்குச் சம்மன் வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "இன்சூரன்ஸ் இருக்குல்ல, அவன் பாத்துக்குவான். விட்டுத் தள்ளுங்க."

எங்கள் வண்டியும் ஒரு பைக்கும் மோதி, பைக்காரருக்குக் காயம். விபத்து நடந்தது திண்டிவனம் பக்கம். நாங்கள் இருப்பது தாம்பரம். கடலூர் எங்கிருந்து வந்தது என்று முதலில் விளங்கவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவில், காயம்பட்டவர் தான் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாமாம். ஓனர் என்பதால் அப்பா முதல் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாவது. போலீஸ் போட்ட கேஸ் தனி. அது டிரைவர் மேல்.

பன்னிரண்டு லட்சம் கேட்டிருந்தார்கள். அந்தத் தொகையை வக்கீல் கண்டுகொள்ளவே இல்லை. "வண்டிய ஓட்டுனது யாரு?" என்றார். ஆக்டிங் டிரைவர். "லைசென்ஸ் காப்பி இருக்கா?"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி நிரூபித்துவிட்டால், 'பணத்தை நீ கட்டு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்' என்று தீர்ப்பு வரலாம். அப்புறம் கம்பெனி புதுசாக வழக்குப் போடத் தேவையில்லை. அந்தத் தீர்ப்பை வைத்தே நம் சொத்து மேல் வரலாம். நாம் போகாமல் எக்ஸ்பார்ட்டி, அதாவது நாம் இல்லாமலே வழக்கு நடக்கும்படி, ஆகிவிட்டால் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது.

வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு, சம்மன் நகலைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்தினோம். பாலிசி, ஆர்.சி., எஃப்.ஐ.ஆர். நகல், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை எல்லாம் சேர்த்துக் கவுன்ட்டர், அதாவது எங்கள் பதில் மனு, தாக்கலானது. சர்வீஸ் ரோட்டிலிருந்து பைக் திடீரென ஏறியதால் பைக்காரர் மேலும் தவறு உண்டு என்றும் அதில் எழுதினோம்.

எதிர்பார்த்தபடியே கம்பெனியின் கவுன்ட்டரில் 'ஓட்டுநருக்குச் செல்லத்தக்க உரிமம் இல்லை' என்று ஒரு வரி. யார் கேஸாக இருந்தாலும் இந்த வரியைப் போட்டுவிடுவார்கள் போல. டிரைவரோ போனை எடுப்பதே இல்லை. அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு: புது டிரைவர் என்றால் லைசென்ஸைப் போனில் படம் பிடிக்காமல் சாவி கொடுக்க மாட்டார். சந்தேகப் பிராணி என்று அம்மா கிண்டல் செய்வார். அந்தப் படத்திலிருந்த நம்பரை வைத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸ் விவரச் சான்று வாங்கினோம். எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ், விபத்து நாளில் நடப்பில் இருந்தது.

கூண்டில் ஏறிய அப்பாவிடம் கம்பெனி வக்கீல், "லைசென்ஸை எப்போது பார்த்தீர்கள்?" என்றார்.

"சாவி குடுக்கறதுக்கு முன்னாடிங்க. டைம் போட்டோவுலயே இருக்கு."

மேற்கொண்டு அவர் அதைக் கிளறவில்லை. அடுத்து வந்த லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) ஒரு தொகை பேசி முடித்தார்கள். முழுதும் கம்பெனி பொறுப்பு. லோக் அதாலத் உத்தரவுக்கு அப்பீல் கிடையாது. ஓனரிடம் வசூலிப்பது பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதை வக்கீலை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அப்பா கிளம்பினார்.