கஹினி: மிஷனெரிகள் மனந்திரும்பிய மலை

நம் சபைகளில் மிஷனெரி ஞாயிறன்று சொல்லப்படும் கதைகளில் மனந்திரும்புகிறவர் எப்போதும் ஊர்க்காரராகவே இருக்கிறார். கடல் கடந்து வந்த மிஷனெரி தன் பாவத்தை அறிக்கையிட்டு அழுததாக எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. அப்படி ஒன்று உண்மையாகவே நடந்த இடம் ருவாண்டாவின் கிழக்கே முஹாசி ஏரிக்கரையில் உள்ள கஹினி. உகாண்டா வழியாக அங்கே சென்று இந்த வாரந்தான் திரும்பியிருக்கிறேன். செலவு, விசா, வழி ஆகியவற்றை வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். ஆனால் மனம் முழுவதும் கஹினியே நிறைந்திருப்பதால் அவை ஆங்காங்கே கலந்துதான் வரும்.

விசாவை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து வழங்கப்படும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவின் கட்டணம் 100 டாலர். 90 நாள்கள் செல்லும். எல்லையைக் கடந்து திரும்பும் எண்ணம் உள்ளவர்களுக்கு இதுவே சிக்கனம்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் பேருந்து நிலையத்திலிருந்து நமிரெம்பே குன்றுக்கு ஏறுவதற்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் ஒருவர் 20,000 ஷில்லிங் கேட்டார். அது நம் பணத்தில் நானூற்றைம்பது ரூபாய்க்குமேல். தூரமோ நடந்தே போய்விடக்கூடியது. பேரம் பேசி 8,000க்குச் சம்மதிக்க வைத்தும், குன்றின் பாதியில் வண்டியை நிறுத்தி மீண்டும் பழைய தொகையையே கேட்டார். இறங்கி, பையைச் சுமந்துகொண்டு நடந்தேன். ஒரு பயணியின் அன்றைய சாப்பாட்டுப் பணத்தை இப்படிப் பறிப்பது அநியாயம் என்பதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்து இல்லை. அன்றிரவு சாலையோரத்தில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தரும் ‘ரோலெக்ஸ்’தான் உணவு, சூடாக, மலிவாக, வயிறு நிறைய இருந்தது.

குன்றின் உச்சியில் செங்கல்லால் கட்டப்பட்ட பேராலயம் நிற்கிறது. அருகிலேயே மிஷனெரி மருத்துவர் ஆல்பர்ட் குக் 1897இல் தொடங்கிய மெங்கோ மருத்துவமனை இருக்கிறது. 1929 செப்டம்பரில் இந்தக் குன்றுக்கு ஓர் ஆங்கிலேய மருத்துவர் மிகுந்த சோர்வோடு வந்து சேர்ந்தார். ஜோ சர்ச் என்ற அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர். கஹினியின் மிஷன் மருத்துவமனையைக் கவனித்துவந்தார். பெரும் பஞ்சம் அந்தப் பகுதியை வாட்டிய காலம் அது. வேலையின் பளுவும் பலனில்லாத ஊழியமும் அவரை உள்ளுக்குள் வெறுமையாக்கியிருந்தன. இங்கே அவர் சந்தித்த சிமியோனி என்சிபாம்பி, அரசாங்க வேலையில் இருந்த உகாண்டாக்காரர். தம்மிடமும் உகாண்டா சபையிடமும் ஏதோ குறைவுபடுகிறது என்று என்சிபாம்பி சொன்னபோது, தம் நிலையும் அதுவே என்பதைச் சர்ச் மறைக்கவில்லை. இருவரும் வேதத்தைத் திறந்துவைத்துச் சேர்ந்து வாசித்தார்கள், ஜெபித்தார்கள். வெள்ளைக்கார மருத்துவரும் கறுப்பின அரசு ஊழியரும் ஒரே குறையுள்ளவர்களாக அருகருகே முழங்காலிட்டதை, அன்றைய காலனி ஆட்சியின் பழக்கவழக்கங்களை அறிந்தவர்கள் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்கள். பின்னர் பரவிய மனந்திரும்புதல் இயக்கமான கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதலின் வேரை வரலாற்றாசிரியர்கள் இந்தச் சந்திப்பில்தான் காண்கிறார்கள்.

ருவாண்டாவின் தலைநகர் கிகாலிக்குச் செல்லும் இரவுப் பேருந்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. ஒரே இருக்கையை இருவருக்கு விற்றிருந்தார்கள். கடைசி வரிசையில், சாய்மானம் உடைந்த இருக்கையில், மற்றொருவருடைய கோழிக்கூடையைக் காலருகே வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்தேன். விடிய விடியப் பாட்டுச் சத்தம் வேறு. பூமத்திய ரேகை எப்போது கடந்தது என்றே தெரியவில்லை. 1920களின் தொடக்கத்தில் லெனார்ட் ஷார்ப், ஆல்ஜெர்னன் ஸ்டான்லி ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள், கஹினி மருத்துவமனையை நடத்திய ருவாண்டா மிஷனின் பணியைத் தொடங்கிய கபாலே நகரமும் இருட்டோடு இருட்டாகப் போய்விட்டது. கதுனா எல்லையில் குளிரில் இறங்கி நடந்து கடக்க வேண்டும். ருவாண்டாவில் பிளாஸ்டிக் பைகளுக்கு 2008 முதல் தடை இருப்பதால், துணிகளைச் சுற்றியிருந்த உறைகளை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினோம். பேருந்து சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. பணத்தைப் பார்க்காமல் பகல் பேருந்திலேயே செல்லுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

கிகாலியில் ஒரு பால் கடையில் குடித்த ‘இகிவுகுடோ’ என்ற புளித்த பால், அந்த இரவின் களைப்பு முழுவதையும் ஆற்றிவிட்டது. நம் வீட்டுக் கெட்டித்தயிரை உப்பில்லாமல் கடைந்து பெரிய குவளையில் ஊற்றித் தந்தது போன்ற சுவை. விலையும் மிகக் குறைவு. இரண்டாவது குவளையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

கிகாலியிலிருந்து கயோன்சா சென்று, அங்கிருந்து வடக்கே சிறிது தூரம் போனால் கஹினி வந்துவிடுகிறது. மேட்டில் மருத்துவமனை, பேராலயம், பள்ளிகள். கீழே குறுகி நீண்டு கிடக்கும் ஏரி. மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. 1930களின் தொடக்கத்தில் இந்த வளாகமே நோயுற்றிருந்தது என்று சொல்வது மிகையன்று. ஊழியர்களுக்கும் மிஷனெரிகளுக்கும் இடையே மனத்தாங்கல், ஒருவர்மீது ஒருவருக்குச் சந்தேகம். மருத்துவ உதவியாளர்களுக்குத் தலைவராக இருந்த யோசியா கினுக்கா, கம்பாலாவுக்குப் போனபோது என்சிபாம்பியிடம் மருத்துவமனையைப் பற்றிக் குறை சொன்னார். அங்குள்ள சீர்கேட்டுக்குக் காரணம் கினுக்காவின் உள்ளத்தில் இருக்கும் பாவமே என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். கோபத்தோடு புறப்பட்டவர் திரும்பும் வழியில் உடைந்து, வேறு மனிதராகக் கஹினிக்கு வந்தார். என்சிபாம்பியின் தம்பி பிளாசியோ கிகோசியும் அப்போது இங்கே ஆசிரியராக இருந்தார்.

1933 டிசம்பர் இறுதியில் இங்கே நடந்த கூடுகையில் ஒருவர் எழுந்து தம் பாவத்தை அறிக்கையிட்டார். அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் மணிக்கணக்காக எழுந்துகொண்டே இருந்தார்கள். பின்வந்த ஆண்டுகளில் திருடியவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள், பழைய கடன்களைத் தீர்த்தார்கள், பகைத்தவர் வீட்டுக்கு நடந்துபோய் மன்னிப்புக் கேட்டார்கள். மிஷனெரிகளும் தங்கள் சினத்தையும் இனப் பெருமையையும் ஆப்பிரிக்கச் சகோதரர்கள் முன்னிலையில் அறிக்கையிட்டார்கள். மிஷனெரி வாழ்வின் மிகக் கடினமான பகுதி காய்ச்சலோ தனிமையோ அல்ல, தவறு செய்யாதவராகக் காட்சியளிக்க வேண்டிய கட்டாயமே என்று நான் கருதுகிறேன். அந்தச் சுமை இறங்கிய பிறகுதான் இவர்கள் ஆப்பிரிக்கர்களோடு ஒரே குழுவாக ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொல்ல முடிந்தது. சொஸ்தமடையும்படி குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதை, மருந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எழுத்துக்கு எழுத்து அனுபவித்தார்கள்.

ஞாயிறு ஆராதனையில் ‘துகுதெண்டெரெசா’ என்ற எழுப்புதல் பல்லவியைச் சபையே எழுந்து பாடியது. ஆராதனைக்குப் பின் வயதான ஒருவர், தம் தந்தையார் மிஷன் தோட்டத்திலிருந்து எடுத்துச் சென்ற மண்வெட்டியை ஆண்டுகள் கழித்துத் தோளில் சுமந்து வந்து ஒப்படைத்ததைச் சொன்னார். உடனிருந்த பள்ளி ஆசிரியர் மொழிபெயர்த்தார். “கொடுத்த பிறகுதான் அப்பா இரவில் தூங்கினார், ஐயா” என்றார் பெரியவர். மதியம் ஏரிக்கரையில் நெருப்பில் வாட்டிய திலாப்பியா மீனும் வாழைக்காயும் சாப்பிட்டோம். பயணம் முழுவதிலும் நான் அதிகம் செலவழித்த வேளை உணவு அதுதான். முழுமையான மகிழ்ச்சியோடு கொடுத்தேன்.

எழுப்புதலில் குறைகளும் இருந்தன. ஒளியில் நடப்பது, அதாவது எதையும் மறைக்காமல் வாழ்வது என்ற பெயரில் பிறருடைய அந்தரங்கத்தைத் தோண்டியவர்கள் இருந்தார்கள். தங்களைப்போல் அறிக்கையிடாதவர்களை இரட்சிக்கப்படாதவர்கள் என்று ஒதுக்கியவர்களும் இருந்தார்கள். 1941இல் உகாண்டாவின் முகோனோ இறையியல் கல்லூரியிலிருந்து 26 மாணவர்கள் வெளியேற்றப்படும் அளவுக்குப் பிணக்கு முற்றியது. அதே எழுப்புதல்தான் 1948இல் மனந்திரும்பிய ஜனானி லுவூமையும் தந்தது. பேராயராகி உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனின் கொடுமையைத் தட்டிக்கேட்ட அவர் 1977 பிப்ரவரியில் கொல்லப்பட்டார்.

ஆனால் என்னை உலுக்கியது 1994இல் ருவாண்டாவில் டுட்சி மக்கள்மீது நடந்த இனப்படுகொலை. கிகாலிக்குத் தெற்கே நியமதாவில், அடைக்கலம் தேடி வந்தவர்கள் கொல்லப்பட்ட ஆலயத்தின் இருக்கைகளில் அவர்களுடைய உடைகள் இன்றும் குவிந்து கிடக்கின்றன. எழுப்புதல் கண்ட நாட்டிலா இது என்ற கேள்வி எவருக்கும் எழும். கஹினியில் மக்கள் கண்ணீரோடு அறிக்கையிட்ட அதே 1930களில்தான் பெல்ஜிய ஆட்சி ஹுட்டு, டுட்சி என்று இனத்தைப் பதிந்த அடையாள அட்டைகளைக் கொடுத்தது. திருட்டையும் விபசாரத்தையும் கோபத்தையும் பேர் சொல்லி அறிக்கையிட்டவர்கள், அந்த அட்டையைச் சபை ஏற்றுக்கொண்டதைப் பாவமென்று பேர் சொல்லவில்லை. மனந்திரும்புதல் தோற்றுவிட்டதாக நான் நினைக்கவில்லை. அது தொடாமல் விட்ட இடத்தில்தான் புண் புரையோடியது. சாதிவாரியாகக் கல்லறைத் தோட்டம் பிரித்து வைத்திருக்கும் நம் சபைகளிலிருந்து போகிறவர்கள் நியமதாவைப் பார்க்காமல் திரும்பக் கூடாது.

போக விரும்புகிறவர்கள் ஞாயிறு ஆராதனைக்குக் கஹினியில் இருக்கும்படி திட்டமிடுங்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் நாடு முழுவதும் ‘உமுகாண்டா’ பொதுப்பணி நடப்பதால் பேருந்து கிடைக்காது. வெள்ளிக்கிழமையே கயோன்சாவுக்குப் போய்விடுங்கள். நியமதாவுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். அன்று வேறு எந்த இடத்தையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.