எட்டாம் இலக்கமும் பத்தாம் இலக்கமும்

உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பையன்களைத் தேடித் திரிகிற ரெக்ருத்தர் ஒரு பெயர்தான் கேட்டார். நான் பயிற்றுவித்த அணியில் எட்டாம் இலக்கச் சட்டை போட்ட பையனின் பெயரைச் சொன்னேன். பத்தாம் இலக்கத்தைச் சொல்லவில்லை. நடந்தது அவ்வளவுதான், சில வருடங்களும் ஓடிவிட்டன. போன மாதம் பரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற பத்தின் தகப்பன் என் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருக்காவிட்டால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"நல்ல காலம் அண்ணை, அண்டைக்கு நீங்கள் இவன்ர பேரைக் குடுக்கேல்லை. குடுத்திருந்தால் பந்துக்குப் பின்னாலையே திரிஞ்சிருப்பான். இப்ப எஞ்சினியரிங் படிக்கிறான்."

சந்தோசம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மெற்றோவில் ஏறிய பிறகுதான் உறைத்தது: நான் பெயர் கொடுக்காத விசயம் அவருக்கு எப்படித் தெரியும்? பையன் பக்கத்தில் எங்கோ நின்று கேட்டிருக்கிறான். பன்னிரண்டு வயதில் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த கிழமையும் பயிற்சிக்கு வந்து, "பொன்ஜூர் கோச்" என்று கை கொடுத்திருக்கிறான்.

அன்று என்ன பேசினோம் என்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். ஆட்டம் முடிந்து கோப்பி குடித்துக்கொண்டு நின்றோம். பதின்மூன்று வயதுக்குட்பட்டவர்கள், அரை மைதானத்தில் எட்டுப் பேர் ஆட்டம். அவர் வெளிமாகாணத்துத் தொழில்முறைக் கழகம் ஒன்றுக்காக இந்தப் பக்கத்து மைதானங்களைச் சுற்றுகிறவர். இரண்டு பையன்களையும் கொப்பியில் குறித்துவைத்திருந்தார். எட்டைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் எப்படி, வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். பத்தைப் பற்றி, தகப்பன் எவ்வளவு உயரம் என்று கேட்டார். நடுத்தரம் என்றேன். எந்த நாட்டு ஆட்கள்? ஸ்ரீலங்கா. "அங்கே கிரிக்கெற் அல்லவா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம்தான், "சரி, ஒருவனைச் சொல்லு" என்றார்.

எட்டின் தகப்பன் மாலியின் மேற்கே, செனகல் ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். என்னைவிடக் கட்டை. அவருடைய உயரத்தை யாரும் கேட்கவில்லை.

ஆட்டத்தை மட்டும் வைத்துச் சொன்னால் என் தேர்வு சரிதான் என்று இன்றும் வாதாடுவேன். எட்டு பந்தைப் பறிகொடுத்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்க மாட்டான். மூன்று அடிக்குள் திரும்பப் பிடுங்கிவிடுவான். மழையில் கடைசிப் பத்து நிமிடமும் அதே ஓட்டம்தான். பத்து வேறு மாதிரி. பந்து வந்துசேர்வதற்கு முன்னால் தலையை இரண்டு தரம் திருப்பிப் பார்ப்பான். எதிராளிக்குத் தள்ளியிருக்கிற காலால் பந்தை வாங்கி, அதே தொடுகையில் திரும்பிவிடுவான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கே படித்தான் என்றும் தெரியாது. ஆனால் தமிழ்ச்சோலைப் பள்ளிக்கூடத்தில் சோதனை என்றால் அந்தச் சனிக்கிழமை வர மாட்டான். தெரிவு முகாமுக்குப் போய் நின்று பிடிக்கக்கூடியவன் எட்டுதான் என்று நினைத்தேன்.

இதுவரைக்கும் நியாயமாகத்தான் இருக்கிறது. இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் கழகத்தில் பயிற்றுநர்களுக்குள் தமிழன் நான் ஒருவன். வந்து நின்ற பெரிய மனுசனிடம் இருந்த ஒரே தமிழ்ப் பையனைத் தூக்கிக் கொடுத்தால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் ஓடியதா? ஓடியது. முடிவை அதுதான் எடுத்ததா என்று கேட்டால் என்னிடம் பதிலில்லை. அந்தப் பையனும் மாலிக்காரனாக இருந்திருந்தால் இரண்டு பெயரையும் சொல்லி, நீங்களே பாருங்கள் என்று விட்டிருப்பேனோ என்னவோ.

ரெக்ருத்தரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனமில்லை. பன்னிரண்டு வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் பால்குடி மாதிரி இருப்பான். யார் எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் போடப் பெற்றோரின் உயரத்தைக் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கம். அந்தக் கணக்கு எத்தனை தரம் பிழைத்தது என்பதும் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாக்கோனில் பிறந்த அந்துவான் கிரீஸ்மனை ஆள் சிறிசு என்று பிரெஞ்சுக் கழகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. பதினான்கு வயதில் ஸ்பெயினின் ரியல் சோசியதாத் எடுத்துக்கொண்டது. மாலிப் பெற்றோருக்குப் பிறந்த என்கோலோ கான்டே, சுரேன் கழகத்தில் பத்தொன்பது வயதுமட்டும் கிடந்தார், அகடமிகள் அவரையும் உயரம் பார்த்தே விட்டன. 2018 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்த இரண்டு பேரும் தொடக்க அணியில் நின்றார்கள்.

உயரத்தைக் கேட்டதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். அதற்கடுத்த கேள்வியை எப்படி விளங்கிக்கொள்வது?

இந்த நாட்டு உதைபந்தாட்டத்தில் பூர்வீகம் என்பது எப்போதும் யாராவது எண்ணிக்கொண்டிருக்கிற கணக்கு. 1958இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்கிய ரேமோன் கோப்பா போலந்துச் சுரங்கத் தொழிலாளர் குடும்பம், அவரும் சிறுவயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பிளாத்தினி இத்தாலிய வழி. சிதான் மார்செய் அடுக்குமாடிகளில் வளர்ந்த அல்ஜீரியக் கபிலியப் பிள்ளை. 1998இல் உலகக் கிண்ணம் வென்றபோது கறுப்பர், வெள்ளையர், அரபுக்காரர் எல்லோரும் ஒன்று என்று கொண்டாடினார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 2010 நவம்பரில், பிரெஞ்சு உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் தொழில்நுட்பக் கூட்டம் ஒன்றில், இரட்டைக் குடியுரிமை பெறக்கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பயிற்சி மையங்களில் மட்டுப்படுத்தலாமா என்று பேசினார்கள். இங்கே வளர்த்துவிட, போய் அல்ஜீரியாவுக்கோ செனகலுக்கோ ஆடுகிறார்கள் என்பது குறை. அதே கூட்டத்தில், பெரிய, பலமான பையன்களையே உருவாக்குகிறோம் என்ற பேச்சும் வந்தது, அது யாரைக் குறிக்கிறது என்பதும் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. 2011 ஏப்ரலில் மீடியாபார் என்ற செய்தித்தளம் அதை வெளியிட, நாடே கொதித்தது. கூட்டத்தில் இருந்த தேசிய அணிப் பயிற்றுநர் லோரான் பிளான் வருத்தம் தெரிவித்துவிட்டுப் பதவியில் தொடர்ந்தார்.

அந்த நேரம் நானும் கொதித்தவன்தான். உடைமாற்றும் அறையில் நின்று பெரிய வியாக்கியானம் செய்தேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் எட்டு போன்றவர்களைக் குறைக்கலாமா என்று பார்த்த கண்ணும், எங்கள் மைதானத்தில் எட்டின் தகப்பனுடைய உயரத்தைக் கேட்கத் தேவையில்லை என்று நினைத்த கண்ணும் ஒன்றுதான் என்று இப்போது படுகிறது. ஆபிரிக்கப் பிள்ளை என்றால் உடம்பு வரும், தமிழ்ப் பிள்ளை என்றால் கணக்கு வரும். என்னுடைய கண்ணும் அதுதானோ?

இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். எம்பாப்பேயின் தகப்பன் கமரூனிலிருந்து வந்தவர், தாய் அல்ஜீரிய வழி. ஆனால் பையன் வளர்ந்தது பரிஸ் புறநகரான பொண்டியில், கழக மைதானத்துக்கு எதிரே, தகப்பன் அதே கழகத்தில் பயிற்றுநர். பின்வரிசை ஆட்டக்காரர் சலிபாவும் அதே பொண்டிதான். இந்தப் புறநகர்களில் ஊருக்கு ஊர் நகரசபை மைதானம் இருக்கிறது, கட்டணம் பல விளையாட்டுகளைவிட மலிவு, சம்பளமில்லாமல் மாலையைக் கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். 1973இல் தொழில்முறைக் கழகங்கள் பயிற்சி மையம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. 1988இல் சம்மேளனத்தின் பயிற்சி மையமான கிளேர்ஃபோன்தேன் திறந்தது; பரிஸ் வட்டாரத்தில் பொறுக்கியெடுத்த இருபத்துச் சொச்சம் பையன்கள் திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்கிப் படித்து, வாரக் கடைசியில் சொந்தக் கழகத்துக்கு ஆட வருவார்கள். பிரான்சுக்கு ஆடிய ஒன்றி, அனெல்கா, எம்பாப்பே எல்லோரும் அந்த வழி வந்தவர்கள். மைதானமும் பேருந்தும் ஆளும் இருந்தால் எந்தப் பிள்ளையும் வரும். இதைப் பெற்றோர் கூட்டங்களில் மூச்சுவிடாமல் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் அதே பேருந்தில் வருகிற எங்கட பிள்ளைகள் எங்கே? நாங்கள் பிந்தி வந்தவர்கள், எண்பதுகளுக்குப் பிறகு. தகப்பன்மார் இரவிரவாக உணவகக் குசினியில். எட்டின் தகப்பனும் குசினிதான், கோப்பை கழுவுகிற இடத்தில் பத்தின் தகப்பனைப் போன்ற ஒருவர் பக்கத்திலேயே நின்றிருப்பார். என்ன விளக்கம் சொன்னாலும் அது ஒரு மூலையில் ஒழுகுகிறது. இந்திய வழி வந்த ஒருவர் பிரான்சுக்கு ஆடியிருக்கிறார்: விகாஷ் தொராசு, மொரீசியசிலிருந்து வந்த குடும்பம், லு ஆவ்ரில் வளர்ந்து 2006 உலகக் கிண்ண அணிவரைக்கும் போனவர். கிரிக்கெற் பகிடிக்கு அவர் பெயரைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஞாபகம் வந்தது. வழக்கம்போல.

எட்டுக்கு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முகாமில் எடுபட்டான். வேறு கழகம் அணுகக்கூடாது என்று ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், பதினைந்து வயதில் வீட்டைவிட்டு மையத்தில் போய்த் தங்கினான். முழங்காலில் ஒன்றும் இல்லை, குழப்படியும் இல்லை. பதினேழு முடியும்போது, தொடர மாட்டோம் என்று சொன்னார்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் முடிகிறது. இப்போது திரும்ப எங்கள் கழகத்தில்.

அப்படியானால் பத்தின் தகப்பன் சொன்னதுதான் சரியா? நான் ஒரு பையனைக் காப்பாற்றி, மற்றவனைக் கொண்டுபோய்த் தள்ளினேனா? அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு நன்றாகத்தான் இருக்கிறான், சின்னவர்களுக்குப் புதன்கிழமைகளில் பயிற்சி கொடுக்கிறான், என்னைவிடப் பொறுமைசாலி. பத்து பந்தைத் தொடுகிறானா என்று தகப்பனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எட்டு திரும்பி வந்தபோது கழக மாற்றத் தாளில் கையெழுத்துப் போட தாய்தான் வந்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "அப்போது இவனோடு ஆடினானே உங்கள் ஊர்ப் பையன், நல்ல பையன். அவனை ஏன் அனுப்பவில்லை?" என்றார்.

அவனுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம், அடிக்கடி வர முடியாது என்றேன்.

"எங்கட பிள்ளைகளுக்கும் குர்ஆன் வகுப்பு இருக்கிறதே" என்றார்.

பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். நேரமாகித்தான் இருந்தது.