இரண்டு பலகைகள் சேரும் இடம்

எங்கள் மாதிரி ரயில் சங்கம் எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களிடம் நான் அந்த மூன்று மில்லிமீட்டரிலிருந்துதான் ஆரம்பிப்பேன். நாங்கள் நான்கு பேர். ஆளுக்கொரு மேசை, மேசை மேல் ஒரு வட்டப் பாதை, அதில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு ரயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருடைய, தண்டவாளம் பதித்த பலகைகளை ஒன்றாகச் சேர்த்து, ரயிலைக் கொஞ்சம் நீளமாக ஓட்டிப் பார்க்கலாமே என்று கூடினோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பலகை மற்றதைவிட மூன்று மில்லிமீட்டர் உயரம். அடியில் அட்டையை மடித்துச் செருகினோம், உயரம் சரியானது, ஆனால் தண்டவாளம் பக்கவாட்டில் விலகிக்கொண்டது. அதையும் நெம்பிச் சரி செய்தபோது எஞ்சின் தாண்டிவிட்டது, பின்னால் வந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

இருட்டும் வரை ஒரு ரயில்கூட முழுசாக அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. ஆனால் கிளம்புவதற்கு முன்னால், இனி யார் பலகை செய்தாலும் அதன் முனை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தோம். என்னைக் கேட்டால் அந்தத் தாள்தான் சங்கம். பெயர், பொறுப்பாளர்கள், சந்தா எல்லாம் அப்புறம் வந்தவை.

தனியாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு எதற்கு இந்தப் பாடு என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எச்.ஓ. அளவு என்பது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 23 மீட்டர் நீளமுள்ள ஒரு பயணிகள் பெட்டி அதில் 26 சென்டிமீட்டர் சொச்சம் வரும். 20 பெட்டிகள் கோத்தால் எஞ்சின் இல்லாமலே ஐந்தேகால் மீட்டர். நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் என்பது இங்கே பதினொன்றரை மீட்டர். எந்த வீட்டு அறையில் இதற்கு இடம் இருக்கிறது? வீட்டில் ஓடும் ரயில் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டுதான் இருக்கும். ஒரு ஊரை விட்டுக் கிளம்பி இன்னொரு ஊருக்குப் போய்ச் சேரும் ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் பத்துப் பேர் பலகை வேண்டும்.

அளவைத் தேர்ந்தெடுத்ததுதான் முதல் மனக்கசப்பு. மூன்று பேரிடம் இருந்தது எச்.ஓ., அதாவது 16.5 மி.மீ. அகலப் பாதை. நான்காமவரிடம் இருந்தது ‘என்’ (N) என்று ஆங்கில எழுத்தால் அழைக்கப்படும் அளவு, 9 மி.மீ. பாதை, விகிதம் 1:160. இரண்டையும் ஒரே பாதையில் ஓட்ட முடியாது. "சரி, நானும் எச்.ஓ.வுக்கு ஒரு பலகை செய்கிறேன், என் ரயில் வீட்டில் ஓடட்டும்" என்று அவர் சொன்னது பெரிய மனசு. பின்னாளில் ‘என்’ அளவுக்காரர்கள் இன்னும் சிலர் வந்து அவருக்கென்று ஒரு தனி அணியே உருவானது. ஆனால் அன்று அவர் விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் நான்கு பேரும் அவரவர் மேசைக்கே திரும்பியிருப்போம்.

அந்தத் தாளில் இருந்ததைச் சொல்கிறேன். தரையிலிருந்து தண்டவாளம் எவ்வளவு உயரம். இரண்டு பாதைகளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. முனைப் பலகையில் போல்ட் துளைகள் எங்கே. வயர் இணைப்பி எந்த வகை, எந்த நிறம் எந்தத் தண்டவாளத்துக்கு. அவ்வளவுதான். நடுவில் மலை வைக்கிறாயா, வயல் வைக்கிறாயா, துறைமுகம் கட்டுகிறாயா, அது உன் இஷ்டம். முனை சங்கத்துடையது, நடுப்பகுதி உன்னுடையது.

இது ஒன்றும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1970-களில் கலிபோர்னியாவில் ‘என்’ அளவுக்காரர்கள் என்ட்ராக் என்ற முறையைக் கொண்டுவந்தபோதே இதைத்தான் செய்தார்கள். நான்கடிக்கு இரண்டடிப் பலகை, முனையில் மூன்று பாதைகளும் குறித்த இடத்தில் வர வேண்டும், கிளாம்ப் போட்டு இறுக்கினால் முன்பின் தெரியாத இருவருடைய பலகைகள் சேர்ந்துவிடும். அதற்கும் வெகுமுன்பே, 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய, மாதிரி ரயில்காரர்களின் தேசிய அமைப்பான என்.எம்.ஆர்.ஏ. சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் பொது அளவுகளை வகுத்து வைத்தது. ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் பாதையில் ஓடுவதற்கு அதுவே ஆதாரம். 1910-இல் லண்டனில் ஆரம்பித்த தி மாடல் ரயில்வே கிளப் இன்றும் இருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குத் தெம்பாக இருக்கும்.

தாளில் எழுதுவது சுலபம், மரம் கேட்க வேண்டுமே. பிளைவுட் ஈரக்காற்றில் லேசாக ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். அதனால் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பித்தளைக் குமிழ்களை வைத்தோம். ஒரு பலகையின் குமிழ் அடுத்ததன் குழியில் கச்சிதமாக உட்காரும், போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும். தண்டவாளத்தின் கடைசி அங்குலத்துக்கு அடியில் பித்தளைத் திருகுகளை இறக்கி, தண்டவாளத்தை அவற்றின் தலையோடு சால்டர் செய்தோம். முக்கியமான விஷயம், பலகைகளைச் சேர்த்து இறுக்கி, தண்டவாளத்தை ஒரே துண்டாக இரண்டுக்கும் மேலே போட்டுச் சால்டர் செய்த பிறகுதான் நடுவில் மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டும். முதலிலேயே அறுத்தால் ஒரு நாளும் சேராது. அறுத்ததும் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும், அப்போது சின்ன அரம் கொண்டு உள்விளிம்பை லேசாகத் தேய்ப்போம். இன்றைக்கும் எந்த இணைப்பையும் முதலில் கண்ணால் பார்ப்பதில்லை, நகத்தால்தான் பார்க்கிறோம்.

ஆட்கள் சேரச் சேர மின்சாரம் தொல்லை கொடுத்தது. ஆறு பலகைகள் வரை பழைய 12 வோல்ட் முறையிலேயே ஓட்டினோம், அதற்கு மேல் முடியவில்லை. தொலைவில் இருக்கும் பலகைகளுக்குப் போனால் ரயில் சோர்ந்துபோகும். அந்த நேரத்தில்தான், எஞ்சினுக்கு ஒரு முகவரி எண் கொடுத்துத் தனித்தனியாக ஓட்டும் டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறைக்கு மாறினோம், கூடவே பெரிய வாக்குவாதம். பழைய எஞ்சின்களை என்ன செய்வது என்று சிலர் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். ஒரு பாதையை மட்டும் பழைய முறையிலேயே விட்டு வைத்தோம், அது சரியான முடிவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாறிய முதல் நாள் மறக்க முடியாதது. புதிதாக வரும் டி.சி.சி. எஞ்சின்களின் முகவரி எண் 3. அதை யாரும் மாற்றிக்கொண்டு வரவில்லை. ஒருவர் தன் கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழைத் திருப்பினார், மூன்று எஞ்சின்கள் மூன்று பக்கம் கிளம்பின. அன்றிலிருந்து ஒரு நோட்டில் ஒவ்வொருவருக்கும் எண்கள் ஒதுக்கி எழுதி வைக்கிறோம். இன்னொரு வழக்கம், எல்லாம் பூட்டிய பிறகு ஒவ்வொரு பலகையிலும் ஒரு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்து, வேண்டுமென்றே ஷார்ட் சர்க்யூட் செய்வோம். மின்சாரம் உடனே தானாக அணைந்தால் அந்தப் பலகை நல்லது. அணையாமல் நாணயம் சூடாகிறது என்றால் எங்கோ வயர் மெலிதாக இருக்கிறது, அல்லது சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை.

இதெல்லாம் பலகைக்கு அடியில் படுத்துக்கிடக்கிறவர்கள் வேலை. சங்கம் வளர்ந்தபோது நான் கவனித்தது, ஆட்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். மேலே மரமும் மண்ணும் வைக்கிறவர்கள் ஒரு பக்கம், கீழே வயரோடு வயராகக் கிடக்கிறவர்கள் ஒரு பக்கம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்திலும் இப்படித்தான். அங்கே சிக்னலும் மின்சாரமும் பார்த்துக்கொண்ட குழுவிலிருந்துதான் ஆரம்பகாலக் கணினி ஹேக்கர்கள் பலர் வந்தார்கள். இரண்டு வகையினரும் வேண்டும். ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த ஆலமரத்தைப் பார்க்கத்தான் வெளியாட்கள் வருகிறார்கள், ரயில் நின்றுவிட்டால் அவர்கள் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள்.

வெளியாட்களுக்கு முதன்முதலில் காட்டியபோது ஒரு தப்பு செய்தோம். எங்கள் பாதை தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், நின்றுகொண்டு வேலை செய்ய வசதியான உயரம். வந்த குழந்தைகளுக்குப் பலகையின் பக்கவாட்டு மரம் மட்டும்தான் தெரிந்தது. அடுத்த முறை அகலமான படி ஸ்டூல்கள் செய்து முன்னால் போட்டோம். நான் பார்த்தவரை எங்கள் சங்கம் வளர்ந்ததற்கு அந்த ஸ்டூல்கள் பெரிய காரணம். அதில் ஏறி நின்ற ஒரு பெண், அப்போது ஏழாம் வகுப்பு, ரயிலைவிட இணைப்பைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கிள், இந்தக் கோடு ஏன் இருக்கு?" என்று கேட்டாள். நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்.

போன மாதம் அவள் தன் முதல் பலகையைக் கொண்டுவந்தாள். அறுபது சென்டிமீட்டர்தான், நடுவில் ஒரு வாய்க்கால், அதன் மேல் ஒரு சின்னப் பாலம். குமிழ் குழியில் உட்கார்ந்தது, போல்ட்டை அவளே இறுக்கினாள், நாணயம் வைத்தோம், மின்சாரம் அணைந்தது. நோட்டில் அவளுக்கு 41 முதல் 45 வரை எண்கள் எழுதியிருக்கிறோம்.