"நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான்"

கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று ராத்திரி பஞ்சை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டே இருந்தேன். விடியற்காலையில் எப்போதோ கண்ணயர்ந்து எழுந்தால் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம், ஓரமெல்லாம் கறுத்துக் காய்ந்திருந்தது. அம்மா பதறவே இல்லை. "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இப்படித்தான், லேசுல நிக்காது" என்றார். பாட்டிக்கு அப்படி, பெரியம்மாவுக்கு அப்படி, அம்மாவுக்கும் அப்படி. மாதவிடாய் பத்து நாள் நீடிப்பதும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்றுவதும், கட்டி கட்டியாகப் போவதும் எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான் என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னதை அப்படியே ஒரு ரத்தநோய் மருத்துவரிடம் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து, யார் யாருக்கு, எப்போது, பிரசவத்தில் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வான் வில்லிபிராண்ட் நோய், முதல் வகை.

ரத்தம் உறையாத நோய் என்றால் ஹீமோஃபிலியா, அது ஆண்களுக்கு வருவது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. பரம்பரை ரத்தக்கசிவு நோய்களிலேயே அதிகம் காணப்படுவது வான் வில்லிபிராண்ட்தான், ஆண் பெண் இருவருக்கும் வரும். ரத்தம் உறைய உதவும் சின்னச் சின்ன அணுக்களான தட்டணுக்களைக் காயம்பட்ட இடத்தில் ஒட்டவைக்கும் புரதம் குறைவாகவோ பழுதாகவோ இருப்பதுதான் கோளாறு. அப்புறம், ஹீமோஃபிலியா மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கும் ரத்தத்தை உறையவைக்கும் புரதம் குறைந்து ரத்தம் கூடுதலாகப் போகலாம். 'அவள் சும்மா கடத்துபவள்தான்' என்று விட்டுவிடுவது தப்பு.

ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் இந்த நோயைப் பற்றி எழுதியது ஓலாண்ட் தீவுகளில் வாழ்ந்த ஒரு குடும்பத்தை வைத்து. அவரிடம் சின்ன வயதில் கொண்டுவரப்பட்ட சிறுமி, வயதுக்கு வந்தபின் நான்காவது மாதவிடாயிலேயே ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தட்டணு எண்ணிக்கை, சாதாரண உறைதல் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் வந்தது. இந்தப் புரதத்தைத் தனியாக அளக்க வேண்டும். மன அழுத்தத்திலும் கர்ப்பத்திலும் அதன் அளவு கூடும் என்பதால் சில சமயம் திரும்பவும் எடுக்கச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். காரணமில்லாமல் கன்றிப்போகும் தோல், பத்து நிமிடம் தாண்டியும் நிற்காத மூக்கு ரத்தம், திரும்பத் திரும்ப வரும் இரும்புச்சத்துக் குறைவு, இதெல்லாம் ஒரே வீட்டில் பலருக்கு இருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், ரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

இப்போது எனக்கு மாதவிடாய் நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை. ஆறு நாளில் முடிந்துவிடுகிறது. தங்கை மகள் போன மாதம்தான் வயதுக்கு வந்தாள், வியாழக்கிழமை அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். "எனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லு" என்று அம்மாவும் கிளம்பியிருக்கிறார்.