லக்ஸரில் காசு கேட்காத ஒரே கதவு

எகிப்தின் லக்ஸரில் எதற்கும் காசு. கல்லறைகளுக்கு டிக்கெட், அதிலும் சிலவற்றுக்குத் தனி டிக்கெட், உள்ளே போனால் டார்ச் அடித்துக் காட்டும் காவலாளிக்கு இனாமாக பக்‌ஷீஷ். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பைசா வாங்காமல் கிடைத்ததுதான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பெரிய லாபம்: மம்மியாக்க அருங்காட்சியகத்தில் நடந்த ஒரு மாலைப் பேச்சு. செலவு, தங்குமிடம், வழி எல்லாம் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். அதில் முக்கியமானது மட்டும் கடைசியில் வரட்டும். சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

அருங்காட்சியகம் நைல் கரையோரச் சாலையிலேயே, லக்ஸர் கோயிலுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. சாலையிலிருந்து ஆற்றுப் பக்கம் படியிறங்க வேண்டும். லக்ஸர் பக்கம் அகழாய்வு நடப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான், கோடையில் மனிதர் வெளியில் நிற்க முடியாது. அந்த மாதங்களில் பல நாட்டுக் குழுக்கள் நைலின் மேற்குக் கரையில், கல்லறைகள் இருக்கும் பக்கத்தில், வேலை செய்கின்றன. அப்படித் தோண்டுகிறவர்களையே இந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துவந்து பொதுமக்கள் முன்னால் பேசவைக்கிறார்கள். விடுதிக்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

போகிற வழியில்தான் அந்தக் குதிரை வண்டிக்காரர். ஐம்பது பவுண்ட் என்று பேசித்தான் ஏறினேன். விலா எலும்பு தெரியும் குதிரை. அதைப் பார்த்ததுமே இறங்கியிருக்கலாம், நேரமாகிவிட்டது. வந்து சேர்ந்ததும், "நான் சொன்னது இங்கிலாந்து பவுண்ட்" என்றார். எகிப்து பவுண்டில் ஐம்பது என்றால் நம் காசுக்கு நூறு ரூபாய்கூட வராது. அவர் கேட்டதோ ஐந்தாயிரத்துக்கு மேல்! ஒரு நாள் சாப்பாடும் தங்கலும் சேர்ந்தாலே எனக்கு அவ்வளவு ஆகவில்லை. பேசிய பணத்தைக் கையில் திணித்தேன். அவர் கத்த, நான் கத்த, பக்கத்துப் பெட்டிக்கடைப் பெரியவர் எழுந்து வந்து அரபியில் அவரை ஒரு பிடி பிடித்தார். அப்புறம்தான் விட்டார். இது அங்கே வழக்கமாக நடக்கும் ஏமாற்று. ஏறும் முன் "எகிப்து பவுண்ட், மொத்த வண்டிக்கும் சேர்த்து" என்று சொல்லவைத்துவிட்டு ஏறுங்கள்.

கோபத்தோடுதான் உள்ளே போய் உட்கார்ந்தேன். உள்ளூர் வழிகாட்டிகள், மாணவர்கள், செம்மண் படிந்த பூட்ஸோடு சில ஆய்வாளர்கள். பேச்சு ஆங்கிலத்தில். தேர் எல் மதீனா என்ற தொழிலாளர் கிராமம் பற்றியது. பண்டைய எகிப்து அரசர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டியவர்கள் குடும்பத்தோடு குடியிருந்த ஊர். பெர்னார் புரூயேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1922 முதல் 1951 வரை அங்கே தோண்டினார். அங்கே கிடைத்த உடைந்த ஓடுகளிலும் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் அந்த மக்களின் அன்றாடமே எழுதியிருக்கிறது.

திரையில் ஒரு சுண்ணாம்புக்கல் பலகையைக் காட்டினார்கள். இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டு வருகைப்பதிவேடு, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொழிலாளியின் பெயர், எதிரே வராத நாட்கள் கறுப்பு மையில், ஒவ்வொரு நாளுக்கும் மேலே பொடியாகச் சிவப்பு மையில் காரணம். உடம்பு சரியில்லை. தேள் கொட்டியது. பீர் காய்ச்சினான். ஒருவன் வராததற்குக் காரணம், தாயின் உடலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய அந்த மகனை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது.

அப்புறம் வேலைநிறுத்தம். கி.மு. 1157 வாக்கில், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆண்டு. கூலி என்பது தானியம்தான். சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. அது வரவில்லை. கருவியைப் போட்டுவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டி வந்து ஒரு கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாளும் வந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது. துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றார்கள். அதை எழுதிவைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்கிறார்கள்.

கேள்வி நேரத்தில் யாரோ மம்மிகளைப் பற்றிக் கேட்க, இரண்டாம் ராம்சேஸின் மூக்கில் மிளகு வைத்திருந்ததைப் பேச்சாளர் சொன்னார். நம் பக்கத்து மலைகளில் விளையும் மிளகு அத்தனை பழங்காலத்திலேயே அங்கே போயிருக்கிறது. பெருமையாகத்தான் இருந்தது.

பசியைப் பற்றி அவ்வளவு கேட்டுவிட்டு வெளியே வந்ததும் நேராகக் கொஷரி கடை. சோறு, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் மொறுமொறுவென்று பொரித்த வெங்காயமும். பூண்டு வினிகரைத் தாராளமாக ஊற்றிக்கொண்டேன். சைவக்காரர்களுக்கு எகிப்தில் இதைவிடச் சாப்பாடு கிடையாது, விலையும் மலிவு. பயணம் முழுக்க என் பட்ஜெட்டைக் காப்பாற்றியது இதுதான்.

மறுநாள் காலையிலேயே தேர் எல் மதீனா. இடுப்பளவுக் கல் சுவர்கள், நடுவே ஒடுங்கிய தெரு, சுமார் 70 வீடுகள். முந்தின நாள் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருப்பேன். இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்றேன். மேலே மலையேறிப் போகும் ஒற்றையடிப் பாதை தெரிகிறது. வேலைக்கு அவர்கள் போன வழி. பத்து நாள் வாரம், எட்டு நாள் வேலை. இன்ஹெர்காவ் கல்லறைக்குள் குனிந்து இறங்கினேன். மூன்றாம், நான்காம் ராம்சேஸ் காலத்தில் மேஸ்திரியாக இருந்தவர், அதாவது அந்தப் பட்டினிக் காலத்து ஆள். பூனை ஒன்று கத்தியால் பாம்பை வெட்டும் ஓவியம், நிறம் அப்படியே இருக்கிறது.

அங்கிருந்து மெதினெத் ஹாபு பக்கம்தான். அதே மூன்றாம் ராம்சேஸ் கட்டிய கோயில். தெற்கு வெளிச்சுவர் நெடுக, எந்தத் திருவிழாவுக்கு எத்தனை ரொட்டி, எவ்வளவு பீர் படைக்க வேண்டும் என்று செதுக்கிவைத்திருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்தவர்களுக்குக் கூலித் தானியம் போகவில்லை. எனக்கு அந்தச் சுவர் முன்னால் ஆத்திரம்தான் வந்தது. சுற்றுலாக் குழுக்கள் போர்க்காட்சிகளைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகின்றன, இதை யாரும் காட்டுவதில்லை.

சரி, விவரங்கள். மேற்குக் கரைக்கு லக்ஸர் கோயில் எதிரே இருந்து மக்கள் படகு போகிறது. தனிப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள், வேண்டாம். டிக்கெட் அலுவலகத்தில் என்னிடம் ரொக்கம் வாங்கவில்லை, கார்டு அவசியம். பேச்சு நிகழ்ச்சிகளுக்கு நாளும் தலைப்பும் மாறும், அதனால் ஊரில் இறங்கியதுமே அருங்காட்சியக வாசலில் கேளுங்கள். பேச்சு எந்த மாலை என்று தெரிந்த பிறகு மேற்குக் கரைக்கு நாள் குறியுங்கள். கல்லறை டிக்கெட்டை முன்னாலேயே வாங்கிவிடாதீர்கள்.