எரர் என்ற ஒரே பெயரில் இரண்டு பாயிண்டர்கள்

போன மாதம் ஒரு பழைய சி மொழிக் கோடில், பெரிய ஃபங்ஷன் ஒன்றின் நடுவிலிருந்து இருபது வரிகளை வெட்டித் தனி ஃபங்ஷனாக மாற்றினேன். கம்பைலர் ஒரு வார்னிங்கூடத் தரவில்லை. ஓட்டிப் பார்த்தால் ஃபைல் ஒழுங்காகத் திறந்தும் ஒவ்வொரு முறையும் தோல்வி என்றே திரும்புகிறது, ஒரு மதியம் முழுக்க அதிலேயே போனது.

காரணம் பெயர்தான். அது ஜிலிப் நூலகத்தை வைத்து எழுதிய கோடு. அங்கே பிழை வரக்கூடிய ஃபங்ஷன் தன் கடைசி பாராமீட்டராக ஜிஎரர் (பிழை விவரம் வைக்கும் வகை) இரட்டைப் பாயிண்டரை, அதாவது ஒரு நினைவக முகவரி இருக்கும் இடத்தின் முகவரியை, வாங்கும், அதற்கு எரர் என்று பெயர் வைப்பது வழக்கம். அழைக்கிற இடத்தில் இருக்கும் ஒற்றைப் பாயிண்டருக்கும் பலர் அதே பெயரைத்தான் வைக்கிறார்கள், நானும் வைத்திருந்தேன். "இஃப் (எரர்)" என்ற வரி பழைய இடத்தில் ‘பிழை வந்ததா?’ என்று கேட்டது. புது இடத்துக்கு வந்ததும் அதே வரி ‘அழைத்தவர் பிழையை வைக்க இடம் கொடுத்தாரா?’ என்று கேட்கிறது. கொடுத்திருந்தார், அதனால் எப்போதும் தோல்வி. சரி, அந்த இடத்தில் இருப்பதைப் படிக்க முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டுவிடலாமா என்றால், பிழை விவரம் தேவையில்லை என்று யாராவது ‘நல்’ என்ற வெற்று முகவரியை அனுப்பும்போது (ஜிலிப் அதை அனுமதிக்கிறது) அங்கேயே கிராஷ் ஆகும். ஃபங்ஷன் திருப்பித் தரும் மதிப்பைப் பார்ப்பதுதான் முறை.

கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் கோடு இதில் தெளிவாக இருக்கிறது, எனக்கு அந்த வழக்கம்தான் பிடித்திருக்கிறது. பாராமீட்டர் என்றால் ‘எர்பி’, உள்ளே வைத்துக்கொள்வது ‘எர்’ அல்லது ‘லோக்கல்_எர்’. கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு ‘பி’ இது பாயிண்டருக்குப் பாயிண்டர் என்று சொல்லிவிடுகிறது. என் கோடில் அப்படி இருந்திருந்தால், வெட்டி ஒட்டிய வரியில் ‘எர்’ என்று எதுவுமே இல்லை என்று கம்பைலர் அந்த நொடியே நிறுத்தியிருக்கும். அங்கே ‘எர்பி_கார்டு’ என்று ஒரு மேக்ரோவும் (கம்பைல் ஆகும்போது முழுக் கோடாக விரியும் சுருக்கப் பெயர்) உண்டு. ஃபங்ஷனின் தொடக்கத்தில் அதைப் போட்டால், ‘நல்’ வந்தாலும் உள்ளே ஒரு மாற்று இடம் தயார், நட்சத்திரம் போட்டுப் படிக்கப் பயமில்லை. அந்த மேக்ரோ எர்பி என்ற பெயரையே நேராகப் பயன்படுத்துகிறது, ஆகவே வேறு பெயர் வைத்தால் கம்பைலே ஆகாது.

எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகத்தின் கோடில் ‘பிஇசட்எர்எம்எஸ்ஜி’ என்று வரும், பி என்றால் பாயிண்டர், இசட் என்றால் பூஜ்யத்தில் முடியும் ஸ்ட்ரிங். பார்க்க அழகில்லைதான், ஆனால் வாசித்தவுடன் வகை தெரிந்துவிடுகிறது.

அன்று மாலையே எங்கள் கோடில் எல்லா இரட்டைப் பாயிண்டர்களையும் எர்பி என்று மாற்றினேன். மாற்றியதும் கம்பைல் ஆகாமல் நின்ற வரிகளில் இரண்டு, அதே பிழையோடு வெகுநாளாக உட்கார்ந்திருந்தவை.